ஆர்வியில் மாதாவுக்கு இடம்

"மாதா சொரூபத்தைக் கக்கூசுக்குப் பக்கத்தில வைக்கேலாது."

பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் இதைச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்த புருசன், வாடகைக்கு எடுக்கப்போகும் ஆர்வியின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் ஒரே வண்டிக்குள். கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் ஏதோ மேட்டுப் பாலைவனத்து ஏரிக்குப் போகிறார்களாம்.

"அப்ப அடுப்புக்கு மேல வைப்பம்."

"மீன் பொரிச்சால் அவவுக்கு மணக்கும்."

"ஸ்டியரிங்குக்கு முன்னால?"

"அங்க வைச்சால், நீங்கள் ஓடேக்க மற்றக் கார்க்காரரைப் பேசுறதெல்லாம் அவவுக்குக் கேக்கும்."

அவர் படத்தைத் தள்ளி ஏரியைக் காட்டினார். சுற்றிவரச் சதுப்பு, நாணல், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.

"உந்தக் கொக்கை நான் மன்னாரில சும்மா பாத்தனான்."

"இது பாலைவனத்துக் கொக்கு."

அவள் போனை வாங்கி, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. வண்டிக்க எத்தினை பேர் படுக்கலாம்?"

"ஆறு பேர்."

"நாங்கள் ரெண்டு பேர்தானே."

இரண்டு தரிப்பிடம் தாண்டும்வரை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணையாக்களுக்கும் சொல்லிப்போட்டன்."

அவள் கத்தவில்லை. இறங்குவதற்கு மணியை அழுத்தினாள்.

"அப்ப மாதா வீட்டிலயே இருக்கட்டும்."

"ஏன்?"

"உங்கட அண்ணையோட ஒரு கிழமை ஒரே வண்டிக்க இருந்தால், நான் பேசுறதையும் அவ கேக்கவேண்டி வரும்."