நாகமுத்து சேதியைச் சொன்ன ஆல்டன் துரை

மெட்ராசுக்குத் துறைமுகம் கட்டாத காலம் அது, கேளுங்க. கப்பலெல்லாம் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். துரையானாலும் சரி, மூட்டையானாலும் சரி, நம்ம மசூலாப் படகுல ஏறித்தான் அலையைத் தாண்டணும். அப்போ நம்ம புங்கந்தோப்புக் குப்பத்துல தாண்டவன்னு ஒரு தண்டல் இருந்தாராம். தண்டல்னா பின்னால நின்னு படகைத் திருப்புறவர்.

அவர் தம்பி நாகமுத்து. அவனை வேலைக்குன்னு ஒரு போர்க்கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. அந்தக் கப்பலுக்கு கேப்டன் ஆல்டன் துரை. சீமையில பிரபு வீட்டுப் புள்ள. நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே கேப்டன் தொப்பி மாட்டிவிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அடுத்த மழைக்குள்ள ஆளை அனுப்பிடுறேன்னாராம். மழை வந்துச்சு, போச்சு. ஆளும் வரல, சேதியும் வரல.

நாகமுத்து பொண்டாட்டி கன்னியம்மா. அவ பட்ட பாடு பகையாளிக்கும் வரக்கூடாது. பொட்டு வச்சா ஊர் பேசுது. அழிச்சா, உசுரோட இருக்கிறவனைக் கொன்ன மாதிரி ஆவுது. குங்குமத்தை விரல்ல தொட்டுக்கிட்டு, நெத்திக்குக் கொண்டுபோவ முடியாம நிப்பாளாம். "மாமா, இருக்காருன்னு சொல்லு, இல்ல செத்துட்டாருன்னு சொல்லு"ன்னு தாண்டவனைக் கேட்டுக் கேட்டு அழுவாளாம்.

துரை என்ன பண்ணாரு? கப்பலை விட்டு இறங்கி, சீமையில எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சிட்டாரு. சபையில எழுந்தா வாயாலயே கப்பல் ஓட்டுவாராம். பேசிப் பேசியே பெரிய ஆளாகி, வருசங் கழிச்சு இந்த ஊருக்கே அதிகாரியா வராரு. ஏறுன படகு யாரோடது? தாண்டவனோடது.

கரையில பேண்டு, மாலை, குதிரைவண்டி. ஒரு ஓரமா கன்னியம்மா. முதல் அலை தாண்டியாச்சு. அடுத்த அலைக்கு முன்னாடி தாண்டவன் கையைத் தூக்குனாரு. துடுப்பெல்லாம் நின்னுபோச்சு. அந்த எடத்துல நின்னா படகு குறுக்கால திரும்பிக் கவுந்துடும். அது துரைக்கும் தெரியும்.

"என் தம்பி நாகமுத்து எங்க?"

கூட வந்த துபாசி, படகு விளிம்பைக் கட்டிக்கிட்டு அதை இங்கிலீஷ்ல சொன்னாரு. துரை தொண்டையைச் செருமுனாரு. விசாரிக்கச் சொல்றேன், பழைய காகிதமெல்லாம் பாக்கணும், அரசாங்கம் கைவிடாதுன்னு ஆரம்பிச்சாராம். பின்னால அலை எழும்புது. படகு திரும்புது. துடுப்புப் போடறவங்க எல்லாம் தாண்டவனோட அக்கா புள்ளைங்க. அவங்களும் போயிடுவாங்கன்னு அவருக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு விட்டா எப்ப கேக்கறது?

"சபையில பேசறாப்பல பேசாத துரை. கப்பல்காரனா சொல்லு."

துரை அலையைப் பாத்தாரு. மொகம் செத்துப்போச்சு. நடந்ததைச் சொன்னாரு. புயல்ல ஒரு சின்னப் படகைக் கப்பலுக்குப் பின்னால கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்களாம். நாகமுத்து அதுல தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தான். அந்த இழுப்புல கப்பலே முழுகப் பாத்துச்சு.

"கயித்தை வெட்டுனது நான்தான். அவன் கையாட்டிக் கூப்பிட்டான். பாத்துக்கிட்டேதான் வெட்டுனேன்."

துபாசி தமிழ்ல சொல்லி முடிக்கல, தாண்டவன் அலறுனாராம். அங்கேயே அந்தத் துரையை முழுக்கிடணும்னுதான் இருந்துச்சாம். ஆனா இவன் செத்துட்டா கன்னியம்மாகிட்ட யார் சொல்றது? "போடுங்கடா துடுப்பை"ன்னாரு.

துரையைத் தோள்ல தூக்கிட்டுப் போவ ஆளுங்க ஓடியாந்தாங்க. தாண்டவன் விடல. துரை இடுப்புத் தண்ணியில இறங்கி, மாலை வச்சிருந்தவங்களைத் தாண்டி, சொட்டச் சொட்ட கன்னியம்மா முன்னாடி போய் நின்னாரு. தொப்பியைக் கழட்டி, அதே வார்த்தையைச் சொன்னாரு; துபாசி தமிழ்ல சொன்னாரு. அவ உள்ளங்கையால பொட்டை அழிச்சா. அழல.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேனே"ன்னு மட்டும் கேட்டாளாம். அதைத் துபாசி இங்கிலீஷ்ல சொல்லலையாம்.

அதுலருந்துதான் நம்ம குப்பத்துல இந்த வழக்கம். கடல்ல ஆள் போயிட்டா, படகு ஓட்டுனவன் துணி மாத்தாம ஈரத்தோட வந்து, அந்தப் பொம்பளை முன்னாடி நின்னு, தன் வாயால சொல்லணும். ஆள் அனுப்பக்கூடாது. போன் பண்ணக்கூடாது.

போன ஐப்பசியில, எங்க வீட்டுக்காரர் போன படகை ஓட்டுன தேசிங்கு என் வாசல்ல வந்து அப்படித்தான் நின்னான். சட்டையிலருந்து தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சு. நான் அன்னிக்கே அழுதுட்டேன்.