மருதாணிக் கை

சாந்தமேரி: கையத் திருப்பு கண்ணு. இந்தப் பக்கம். இது என்ன ரமணி, உள்ளங்கை முழுக்க மருதாணி?

ரமணி: நேத்து ஒரு கல்யாணம் டீச்சர். பிரிக்பீல்ட்ஸ்ல.

சாந்தமேரி: மூணு வயசுப் பிள்ளைக்கு ஒரு பூ போடுவாங்க, ஒரு கொடி போடுவாங்க. இது செவுத்துக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே. ஒரு இடம் விடல.

ரமணி: கையை ஆட்டிக்கிட்டே இருந்தா லா. டிசைன் கலைஞ்சு போச்சு. அதான் மொத்தமா பூசி விட்டாங்க.

சாந்தமேரி: காலு?

ரமணி: காலுக்கும் போட்டாங்க.

சாந்தமேரி: பாதத்துக்கு அடியிலயா?

ரமணி: ...இவதான் ஆசப்பட்டா.

சாந்தமேரி: கல்யாணப் பொண்ணே அடியில இவ்ளோ போட்டிருக்க மாட்டா.

ரமணி: டீச்சர், ஃபேக்டரி வேன் நிக்கிது. சபாபதி அண்ணே இன்ஜினை நிறுத்தாமலே நிக்கிறாரு. இவ பை இந்தாங்க. துண்டு, மாத்துத்துணி, பால் போத்தல் எல்லாம் உள்ள இருக்கு. நான் கெளம்பட்டா?

சாந்தமேரி: நில்லு. இன்னும் காய்ச்சல் பாக்கல. கேட்டத் தாண்டுறதுக்கு முன்னாடி காய்ச்சல், கை, வாய். பிள்ளைங்களப் பாத்துக்கிற எங்க தாஸ்காவுல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ரூல்.

ரமணி: மத்த நாள்ல சும்மா ஒரு பார்வை பாத்துட்டு உள்ள அனுப்பிருவீங்களே...

சாந்தமேரி: இன்னிக்கி நல்லா பாக்குறேன்.

ரமணி: ஏன், இன்னிக்கி மட்டும் என்ன?

சாந்தமேரி: ஷர்வினி, நெத்தியக் காட்டு. ஆடாத. ம்... முப்பத்தாறு புள்ளி ஏழு.

ரமணி: பாத்தீங்களா. ஒன்னும் இல்ல.

ஷர்வினி: டீச்சர், நான் ஆரஞ்சு மருந்து குடிச்சேன்.

சாந்தமேரி: அப்படியா செல்லம்? எப்போ?

ஷர்வினி: இப்போ. பல்லு வெளக்கிட்டு. அம்மா சொன்னாங்க, டீச்சர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு.

ரமணி: ஷர்வினி.

ஷர்வினி: நான் சொல்லல.

சாந்தமேரி: காய்ச்சல் மருந்து குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்திருக்க.

ரமணி: ராத்திரி லேசா உடம்பு சுட்டுச்சு. பல்லு மொளைக்குது, அதான்...

சாந்தமேரி: மூணு வயசுலயா?

ரமணி: கடவாப் பல்லு டீச்சர்.

சாந்தமேரி: வாயத் தெற கண்ணு. ஆ சொல்லு. பெருசா. சிங்கம் எப்படி வாயத் தெறக்கும்?

ஷர்வினி: வலிக்கிது.

சாந்தமேரி: சிங்கத்துக்கு எங்க வலிக்கிது?

ஷர்வினி: நாக்குல. பூனைக்குத்தான் வலிக்காது.

சாந்தமேரி: சரி, மூடிக்கோ. நீ அந்த நாற்காலியில போய் உக்காரு. இல்ல, உள்ள போகாத. வெளிய இருக்கிற செவப்பு நாற்காலி. அங்கயே இரு.

ரமணி: டீச்சர்...

சாந்தமேரி: நாக்குல ரெண்டு புண்ணு. கன்னத்துக்கு உள்ள ஒன்னு. மருதாணிக்கு அடியில எத்தனைன்னு நீயே சொல்லு. கல்யாணம் யாருக்கு ரமணி?

ரமணி: கல்யாணம் இல்ல.

சாந்தமேரி: ம்.

ரமணி: லிட்டில் இந்தியாக் கடைத்தெருவுல மருதாணிக் கோன் வாங்கிட்டு வந்து நானே போட்டேன். தூங்கும்போது.

சாந்தமேரி: எரிஞ்சிருக்குமே பிள்ளைக்கு.

ரமணி: தூக்கத்துல முனகுனா. ஊதி ஊதி விட்டேன்.

சாந்தமேரி: நீ ஃபேக்டரியில என்ன வேல பாக்குற?

ரமணி: தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்குறீங்க.

சாந்தமேரி: சொல்லு.

ரமணி: குளோவ்ல ஓட்டை இருக்கான்னு பாக்குறது.

சாந்தமேரி: ஓட்டைய மறைச்சு அனுப்புனா விடுவியா?

ரமணி: டீச்சர், குத்திக் காட்டாதீங்க. எனக்குத் தெரியும் நான் செஞ்சது தப்புன்னு. தெரிஞ்சுதான் செஞ்சேன். இன்னிக்கி ஒரு நாள். சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போயிடுறேன். அப்புறம் நீங்க எப்ப வரச் சொல்றீங்களோ அப்ப கொண்டாறேன்.

சபாபதி: ரமணி, ஏறுறியா? ஜாம் புடிச்சுக்கும்மா.

ரமணி: ஒரு நிமிஷம்ண்ணே.

சபாபதி: லோகேஸ்வரிய வேற காணோம். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறா. நேரா ஃபேக்டரிக்குப் போயிட்டாளா, லீவான்னு தெரியல. நீயாச்சும் சீக்கிரம் வா.

ரமணி: வரேன், வரேன். டீச்சர், கேளுங்க. இத்தனை வருஷமா நான் ஆள் புடிச்சு விடுற ஏஜன்ட் கீழ நின்னு வேல பாத்தவ. எப்ப வேணும்னாலும் நாளைக்கு வராதன்னு சொல்லிருவான். இன்னிக்கி என்னை பெர்மனென்ட் ஆக்குறதுக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. ஒரே ஒரு இடம். நான் போகலன்னா அந்த இடம் பக்கத்து லைன்ல நிக்கிற பொண்ணுக்குப் போயிடும். அவ்ளோதான்.

சாந்தமேரி: உன் புருஷன்?

ரமணி: குரு லோரிய எடுத்துக்கிட்டு ஜோகூர் போயிருக்காரு. சரக்கு எறக்காம திரும்ப முடியாது.

சாந்தமேரி: மாமியாரு?

ரமணி: கேரி தீவுல இருக்காங்க. யாரு போய் கூட்டிட்டு வர்றது? வந்தாலும் மத்தியானம் ஆயிடும்.

சாந்தமேரி: பக்கத்து வீடு?

ரமணி: காய்ச்சப் பிள்ளைய யாரு டீச்சர் வச்சுக்குவா? அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு.

சாந்தமேரி: என் வீட்லயும் பிள்ளைங்கதான் இருக்கு.

ரமணி: ...தனியா ஒரு ரூம்ல படுக்க வைங்க. ஒரு போன குடுத்தா பாத்துக்கிட்டே கெடப்பா. தொந்தரவு பண்ணமாட்டா.

சாந்தமேரி: தனியான்னா யாரு கூட உக்காருவா? இங்க வேலைக்கு இருக்கிறது நானும் நடாலியும்தான். பால் கலக்கணும், ஒவ்வொன்னுக்கா பெம்பர்ஸ் மாத்தணும், சோறு ஊட்டணும். இவளைத் தொட்ட கையோட நான் அடுத்த பிள்ளைய எப்படித் தொடுவேன்?

ரமணி: கையுறை நான் கொண்டாந்து தரேன். பொட்டி பொட்டியா.

சாந்தமேரி: சிரிக்க வைக்காத ரமணி.

ரமணி: சிரிக்கச் சொல்லல டீச்சர். கெஞ்சுறேன்.

சாந்தமேரி: கை கால் வாய் நோய்க்கு நான் யாருக்கும் கேட்டத் தெறக்கமாட்டேன். சேரும்போதே எல்லார்கிட்டயும் சொன்னேன். உன்கிட்டயும் சொன்னேன்.

ரமணி: சொன்னீங்க.

சாந்தமேரி: அப்புறம்?

ரமணி: அப்புறம்... எனக்கு ஒன்னு மட்டும் புரியல. இவ எங்க போறா? வீடு, இங்க. இங்க, வீடு. சனி ஞாயிறு வெளிய எங்கயும் போகல. வீட்ல எங்க யாருக்கும் ஒன்னும் இல்ல. அப்போ இவளுக்கு எங்கருந்து வந்துச்சு?

சாந்தமேரி: காத்துல வரும், கடையில வரும். பாசார் மாலாம், ராத்திரிச் சந்தைக்குப் போயிருப்ப.

ரமணி: போகல. ஒரு கேள்வி கேக்குறேன். இந்தக் கேட்டுகிட்ட ஏன் இப்படி கிருமி கொல்லுற கிளோராக்ஸ் வாசம் அடிக்கிது?

சாந்தமேரி: திங்கக்கெழம. கழுவுனோம்.

ரமணி: திங்கக்கெழம நீங்க தண்ணி ஊத்தித்தான் கழுவுவீங்க. இது கண்ணு எரியுது. அங்க பாருங்க, வெளையாட்டுச் சாமான் எல்லாம் வெயில்ல காயுது. பாய், தலகாணி எல்லாம். அந்தப் பெரிய கரடி பொம்மையக் கூட கொடியில மாட்டியிருக்கீங்க.

சாந்தமேரி: அழுக்கா இருந்துச்சு.

ரமணி: போன வாரம் இங்க வர்ற ஜோனத்தன் கையில செவப்பு செவப்பா இருந்துச்சு. நான் கேட்டேன். ஞாபகம் இருக்கா? கொசுக்கடின்னு சொன்னீங்க.

சாந்தமேரி: அவங்க அம்மா அப்படித்தான் சொன்னா.

ரமணி: உங்க கண்ணுக்கு அது கொசுக்கடியா தெரிஞ்சுச்சா? மருதாணிக்குள்ள இருக்கிறத கண்டுபுடிக்கிறீங்க, வெறும் கையில இருக்கிறது தெரியாதா?

சாந்தமேரி: மெதுவாப் பேசு. பிள்ள பாக்குறா.

ஷர்வினி: அம்மா, டீச்சர் அழுறாங்களா?

ரமணி: இல்லம்மா. கிளோராக்ஸ். நீ ஒக்காரு.

சபாபதி: ரமணிம்மா, கடைசியாக் கேக்குறேன். மத்தவங்க எல்லாம் கத்துறாங்க.

ரமணி: அண்ணே, நிக்கிறீங்கல்ல. நில்லுங்க. டீச்சர், இப்ப நான் சொல்றதக் கேளுங்க. இவளத் தூக்கிட்டு நான் நேரா கிளினிக்குப் போனா, டாக்டர் பாத்த ஒடனே ஹெல்த் ஆபீசுக்குச் சொல்லிருவாரு. அவங்க வந்து ஜோனத்தனப் பாப்பாங்க. உங்க கேட்ல நோட்டீஸ் ஒட்டி மூடிருவாங்க. எனக்கு அது வேணாம். உங்களுக்கும் வேணாம். இன்னிக்கி ஒரு நாள் இவள உள்ள வச்சுக்குங்க. நான் எந்த கிளினிக்குக்கும் போகல. யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல.

சாந்தமேரி: பேரம் பேசுற.

ரமணி: ஆமா.

சாந்தமேரி: உனக்கு இப்படிப் பேச வரும்னு நான் நெனைக்கல.

ரமணி: எனக்கும் தெரியாது.

சாந்தமேரி: போ.

ரமணி: என்ன?

சாந்தமேரி: கிளினிக்குப் போ. அடுத்த ரோட்ல இருக்கே, அந்தக் கிளினிக்கு இப்பத் தெறந்திருவாங்க. மருதாணிய சொரண்டாத, தோலு பிஞ்சிரும். டாக்டர் கேட்டா எந்த தாஸ்கான்னு சொல்லு. என் பேரச் சொல்லு. ஜோனத்தனையும் சொல்லு.

ரமணி: வெளையாடாதீங்க டீச்சர். மூடிருவாங்க.

சாந்தமேரி: தெரியும்.

ரமணி: மறுபடி தெறந்தா எந்தத் தாய் இங்க பிள்ளைய விடுவா?

சாந்தமேரி: தெரியும் ரமணி.

ரமணி: அப்போ... நான் மெரட்டுறதுக்குத்தான் சொன்னேன். போயிருக்கமாட்டேன்.

சாந்தமேரி: அதான் போகச் சொல்றேன்.

ரமணி: புரியல எனக்கு.

சாந்தமேரி: லோகேஸ்வரி வேனுக்கு வரமாட்டா. சபாபதிகிட்ட சொல்லிரு, அவளுக்காக நிக்க வேணாம்னு.

ரமணி: ஏன்?

சாந்தமேரி: ஆஸ்பத்திரியில இருக்கா. பாப்பாவ நேத்து சாயங்காலம் அட்மிட் பண்ணிட்டாங்க. இன்னும் கவுந்து படுக்கக்கூட பழகல அது. காய்ச்சல் எறங்கல, பால் எறங்கல. ராத்திரி ஜன்னி வந்துச்சு. மூச்சுக்குக் கொழா வச்சிருக்காங்க.

ரமணி: லோகேஸ்வரி பாப்பாவா... வெள்ளிக்கெழம கூட இங்க நான் தூக்கி வச்சிருந்தேனே. சிரிச்சுச்சே.

சாந்தமேரி: ஆமா.

ரமணி: இதேதானா? இதே நோயா?

சாந்தமேரி: அவங்களுக்கு இன்னும் தெரியல. கையில காலுல ஒன்னும் வரல அதுக்கு. வேற என்னென்னமோ டெஸ்ட் பண்றாங்க. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும்னு சொன்னாங்க. எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா தேடுறது சுலபம்னாங்க.

சபாபதி: ரமணி, நான் கெளம்புறேன்மா. ஏறுறதா இருந்தா ஏறு.

ரமணி: நீங்க போங்கண்ணே.

சபாபதி: போகவா? இன்னிக்குன்னு பாத்தா? மேனேஜர் கூப்பிட்ட நாளுன்னு நீதான சொன்ன.

ரமணி: ஆமாண்ணே. போங்க.

சபாபதி: சூப்பர்வைசர் புஷ்பவல்லி கேட்டா என்ன சொல்றது? அவ சும்மா விடமாட்டா.

ரமணி: பிள்ளைக்கு நோவுன்னு சொல்லுங்க. என்ன நோவுன்னும் சொல்லுங்க. லோகேஸ்வரியும் வரமாட்டா, நிக்காதீங்க.

சபாபதி: என்னம்மா ஆச்சு ரெண்டு பேருக்கும்... சரி. பாத்துக்க.

ஷர்வினி: அம்மா, வேன் போகுது.

ரமணி: போகட்டும். வா, செருப்ப மாட்டு. இல்ல, வேணாம், நான் தூக்கிக்கிறேன்.

ஷர்வினி: நாம எங்க போறோம்?

ரமணி: டாக்டர்கிட்ட.

ஷர்வினி: கையக் காட்டணுமா?

ரமணி: காட்டணும். எல்லாத்தையும் காட்டணும்.

சாந்தமேரி: குடை வச்சிருக்கியா? வெயிலு ஏறுது.

ரமணி: டீச்சர், ஒன்னு கேக்கட்டா. ஒரு போன் போட்டா ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு நீங்களே சொல்லலாம், ஜோனத்தனுக்கு இருந்துச்சுன்னு. நான் கிளினிக்குல நம்பர் எடுத்து, உக்காந்து, டாக்டர் பாத்து, அவரு ஆபீசுக்குச் சொல்லி... அதுக்குள்ள அந்தப் பாப்பா முதுகுல குத்திருவாங்க. கையில போன வச்சுக்கிட்டு ஏன் என்னை அனுப்புறீங்க?

சாந்தமேரி: டாக்டரம்மா நேத்தே என்னைக் கேட்டாங்க ரமணி. உங்க தாஸ்காவுல வேற பிள்ளைக்கு இப்படி இருந்துச்சான்னு. லோகேஸ்வரி என் கையப் புடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறா. டீச்சர் ரொம்ப சுத்தம் டாக்டர், தெனமும் கேட்லயே கையப் பாத்துட்டுத்தான் விடுவாங்கன்னு எனக்காகப் பேசுறா... நான் ஜோனத்தனச் சொல்லாம, அவ சொன்னதுக்கு ஆமான்னு தலையாட்டிட்டேன்.