ஆமோஸ் பேச மாட்டான்

— புத்தகத்தை நீ வாசிச்சதே இல்லையா? மெதுவா சொல்லு மேவிஸ்! திரைக்கு அந்தப் பக்கம் புல்தரையில எண்ணூறு பேர் உக்காந்திருக்கான்.

— அந்த எண்ணூறுல எத்தனை பேர் வாசிச்சிருக்கான், ஹார்லன்? உங்களையே எடுத்துக்குவோம். இருபத்தாறு வருஷமா இந்த நாடகத்தை டைரக்ட் பண்றீங்க. நீங்க வாசிச்சிருக்கீங்களா?

— பின்னே? வாசிக்காமலா?

— முழுசா?

— முன்னுரையை முழுசா வாசிச்சேன்.

— ஓரின், கேட்டியா இந்த அநியாயத்தை? முன்னுரையோட நிறுத்திட்டாரு மனுஷன்!

— கேட்டுச்சு.

— பாருங்க, இவன் மூஞ்சில ஒரு சிரிப்பு வருதா? நேத்து முதல் அங்கத்துல அந்தக் கோவேறு கழுதை என் தொப்பியைத் தின்னுச்சு. பார்க்க வந்தவங்க எல்லாம் புல்லுல உருண்டு சிரிச்சாங்க. கழுதையே சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இவன் மட்டும் நிக்கிறான்.

— என் வேஷம் ஆமோஸ். ஆமோஸ் சிரிக்க மாட்டான்.

— ஆமோஸ் சிரிக்க மாட்டான், ஆமோஸ் அழ மாட்டான், ஆமோஸ் பேச மாட்டான். அந்த ஆளுக்கு வேற என்னதான் தெரியும்?

— ஏ புள்ளே, அதுதான் அவன் பெருமையே! எழுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா இந்த ஸ்டேஷன்ல உக்காந்து ஒரு நாவல் எழுதிட்டுப் போச்சு. அதை நியூயார்க்குக்காரன் நாடகமாக்கினான். கலிபோர்னியாக்காரன் சினிமாவாக்கினான். ஆளாளுக்கு முடிவை மாத்தினான். புத்தகத்துல ஹெட்டி டீச்சர் ரயிலே ஏற மாட்டா. நாடகத்துல ஏறிப் போயிடுவா. சினிமாவுல ஏறிப் போய், அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, கொட்டுற மழையில ஓடி வந்து கட்டிப் பிடிப்பா.

— ஜூலை மாசம், நெப்ராஸ்காவுல, மழை!

— அந்த மழையைப் பாக்கத்தானே டெக்சாஸ்ல இருந்தெல்லாம் கார் போட்டு வர்றான். வந்து பார்த்துட்டு, ஏன் மழை வரலைன்னு என் சட்டையைப் பிடிக்கிறான். இந்தா, இன்னைக்கும் புத்தகக் கட்சி இடது பக்கம், சினிமாக் கட்சி வலது பக்கம். போன வருஷம் இடைவேளையில ரெண்டு கட்சியும் சோளக்கட்டையை எறிஞ்சுக்கிட்டதுல பேண்டு மாஸ்டருக்கு நெத்தி வீங்கிப் போச்சு.

— அதைச் சொல்லுங்க! அவர் அன்னைக்கு முழுக்க ஒத்தைக் கண்ணால பாத்துதானே வாசிச்சாரு?

— சிரிக்காத. விஷயம் இதுதான். மூணு முடிவும் வேற வேற. ஆனா மூணுலயும் ஆமோஸ் வாயைத் திறக்கிறதில்ல. தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பான். அவ்வளவுதான். ஜனங்க அழுறது அதுக்குத்தான். இதுல ரெண்டு கட்சிக்கும் சண்டையே கிடையாது. அதனால இன்னைக்கு ரெண்டு பேரும் காதைத் திறந்து கேட்டுக்குங்க. மூணாவது வரிசையில சாம்பல் கலர் கோட்டு போட்டு ஒருத்தர் இருக்கார், பாத்தீங்களா?

— வேர்த்து வடியுதே, அவரா? நம்ம கடைசி ஆட்டத்தைப் பாக்க இந்தப் புழுக்கத்துல கோட்டா?

— நாடக உரிமை ஆபீஸ்காரர். நியூயார்க்ல இருந்து வந்திருக்கார். ஒப்பந்தத்துல என்ன இருக்கு? ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. போன வருஷம் ஷெரீஃப் வேஷம் கட்டின டூயன் என்ன பண்ணினான்? கைது பண்ற சீன்ல தன் டயர் கடைக்கு விளம்பரம் பண்ணினான்!

— 'நாலு டயர் வாங்கினா அஞ்சாவது இலவசம், கையை நீட்டுடா திருடா!' ஐயோ, அதை நினைச்சா இன்னும் எனக்கு வயிறு வலிக்குது.

— யாரோ அந்த ஆபீஸுக்கு எழுதிப் போட்டுட்டான். இன்னைக்கு ஒரு வார்த்தை கூடினாலும் அடுத்த வருஷம் அனுமதி கிடையாது. அனுமதி இல்லைன்னா நாடகம் இல்ல. நாடகம் இல்லைன்னா இந்த ஊர்ல வேற என்ன இருக்கு?

— சோளம்.

— சரியாச் சொன்ன ஓரின். சோளம்தான் இருக்கு. நான் போய் டிராக்டர்ல உக்கார்றேன். விசில் ஊதினதும் ரயில் பெட்டியை இழுப்பேன். இருநூறு அடி. தானியக் குதிருக்குப் பின்னால மறைஞ்சதும் நிறுத்துவேன். மேவிஸ், நீ உள்ளேயே உக்காந்திரு. உனக்கு எலுமிச்சை ஜூஸ் வெச்சிருக்கேன். ஓரின், கைதட்டல் ஓயிற வரைக்கும் அசையாத.

— எப்பவும் அசைஞ்சதில்லையே.

— அது சரி. நீ பிறவி நடிகன்டா.

— போயிட்டாரா? சரி. ஓரின், கேட்கிறேன்னு தப்பா நினைச்சுக்காத. லிங்கன் நகரத்துப் பேப்பர்ல உன்னைப் பத்தி எழுதியிருந்தானே, 'கல்லில் செதுக்கிய துயரம்'னு. அதை வாசிச்சுட்டு நான் பஸ்ஸுக்குள்ள உக்காந்து அரைமணி நேரம் சிரிச்சேன்.

— ஏன்?

— ஏன்னா நீ நடிக்கவே இல்லையே! உன் பொண்டாட்டி டெசா ஹெட்டியா இருந்தவரைக்கும் நீ நடிச்ச. ரொம்ப மோசமா நடிச்ச. தொப்பியைச் சுத்திக்கிட்டே இருப்ப, அவ ஜன்னல்ல இருந்து கண்ணடிப்பா, உனக்குச் சிரிப்பு வந்துடும், ஜனங்க கத்துவாங்க. இந்த மூணு வருஷமா நீ சும்மா நிக்கிற. கடையில தீவன மூட்டைக்குப் பக்கத்துல எப்படி நிக்கிறியோ அப்படியே. ஊரே பிரமாதம்ங்குது.

— அவ கண்ணடிப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— நான்தானே அவளுக்கு உடை மாத்திவிடுவேன். குதிருக்குப் பின்னால போய் வண்டி நின்னதும் ஏறி வருவேன். ரெண்டு பேரும் ஜூஸ் குடிச்சுக்கிட்டு உன்னைத்தான் கேலி பண்ணுவோம். 'இன்னும் நிக்கிறான் பாரு, நிறுத்துன்னு யாரும் சொல்லலைன்னா காலை வரைக்கும் நிப்பான்'னு சொல்லுவா.

— நின்னிருப்பேன்.

— தெரியும். ஓரின், திங்கட்கிழமை நான் டென்வர் போறேன்.

— சொன்ன.

— நகரப் பஸ் ஓட்டப் போறேன். இங்க ஸ்கூல் பஸ்ல மொத்தம் பதினோரு பிள்ளைங்க. அதுல மூணு பேர் தூங்கிடும். அங்க ஒரு நடைக்கு அறுபது பேராம். சாமானெல்லாம் கட்டியாச்சு.

— நல்ல வேலை.

— அவ்வளவுதானா?

— சம்பளமும் நல்ல சம்பளம்.

— அட என் ராசாவே! எட்டு வாரமா ஒத்திகை முடிஞ்சு தினமும் என்னை வீட்ல கொண்டுவந்து விட்ட. நான் செஞ்ச செர்ரி பை நல்லாவே இல்ல. அதை நீ மூணு துண்டு தின்ன. ஒரு நாள் வாசல்ல பத்து நிமிஷம் வண்டியை அணைக்காம உக்காந்திருந்த. நான் ஜன்னல்ல நின்னு எண்ணினேன். என்னதான் நினைச்சுக்கிட்டு இருந்த?

— பெட்ரோல் தீருதேன்னு.

— பொய்.

— ஆமா. பொய்.

— அப்போ சொல்லேன்.

— மணி அடிச்சுட்டான். ஏறு.

— ஏறுறேன். என் துணிப்பெட்டியைக் கொடு. வேண்டாம், நானே எடுத்துக்கறேன். நீ போய் உன் இடத்துல நில்லு, கல்லுச் சாமி. திரை விலகுது.

— 'ரயில் வந்துவிட்டது, ஆமோஸ். இந்த ஊரில் நேரத்துக்கு வருவது இது ஒன்றுதான்.'

— 'நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். பரவாயில்லை. பள்ளிக்கூடத்துச் சாவி அலமாரியின் மேல் இருக்கிறது. குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு அடுப்பை மூட்டிவிடுங்கள்.'

— 'போய் வருகிறேன், ஆமோஸ்.'

— ஓரின். ஸ்ஸ்! ஓரின்!

— பேசாத. நாடகம் நடக்குது.

— விசில் ஊதியாச்சு.

— கேட்டுச்சு.

— டிராக்டர் போயிடுச்சு.

— பாத்தேன்.

— நான் போகலை.

— அதையும்தான் பாக்கறேன்.

— ஹார்லன் திரும்பிக்கூடப் பாக்காம போறார் ஓரின்! தொப்பியைத் தூக்கி குதிருக்கு வணக்கம் வெச்சுட்டுப் போறார்! பின்னால சங்கிலி மட்டும் தனியா ஓடுது!

— சிரிக்காத. நீ இப்போ அழணும்.

— முடியலையே. கைக்குட்டையை மூஞ்சில வெச்சுக்கறேன். அழுற மாதிரி இருக்கா?

— தோள் குலுங்குது. நல்லாத்தான் இருக்கு.

— பேண்டு இதோட மூணாவது தடவை அந்தப் பிரிவுப் பாட்டை வாசிக்குது. ட்ரம்பெட்காரப் பையன் செவந்து போயிட்டான், மூச்சே வரலை பாவம்.

— வாசிக்கட்டும். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நாம பேசுறது வெளிய கேக்காது.

— ஓரின்! டேய், ஓரின்! கீழ குனியாத! நான்தான். பெட்டிக்கு அடியில இருக்கேன்.

— ஹார்லன்? குதிர்ல இருந்தா ஓடி வந்தீங்க?

— ஓடி, தவழ்ந்து, முள்ளுல விழுந்து வந்தேன். மேவிஸ், கைக்குட்டைய எடுத்துடாத! அந்தக் கோட்டுக்காரர் என்ன பண்றார்?

— நோட்டைத் திறந்துட்டார்.

— செத்தோம். ஓரின், சொல்றதைக் கேளு. தண்டவாளம் சரிவுதான். சக்கரத்துக்கு நேத்துதான் எண்ணெய் விட்டேன். ஒரு தள்ளு. ஒரே ஒரு தள்ளு தள்ளினா பெட்டி தானா உருண்டு குதிருக்குப் பின்னால போயிடும்.

— ஆமோஸ் ரயிலைத் தள்றதா?

— வசனம் கூட்டக் கூடாதுன்னுதான் ஒப்பந்தம். தள்ளக் கூடாதுன்னு எங்கயும் போடலை!

— ஐயோ, என்னால முடியலை! ஒரு பொண்ணை ஊரை விட்டு அனுப்பறதுக்கு ரயிலையே தள்ளிவிடற ஆளு! உலகத்துல எந்தக் கதாநாயகிக்கு இந்த மரியாதை கிடைச்சிருக்கு?

— மேவிஸ், சிரிப்பை அடக்கு, பெட்டி ஆடுது! ஓரின், தொப்பியைத் தலையில போடு. கையை வை. அந்த இரும்புக் கம்பியில வை. அப்படித்தான்.

— கையை வெச்சுட்டியா ஓரின்?

— வெச்சுட்டேன்.

— ஓ.

— தள்ளுடா தம்பி.

— தள்ளு ஓரின். சும்மா நிக்கிறதுக்கு அதுவாவது மேல்.

— டெசாவை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனப்போ கட்டிலுக்கு ஒரு சக்கரம் ஓடலை. நர்ஸ் கொஞ்சம் பிடிங்கன்னா. நான் தள்ளினேன். கதவு வரைக்கும். அதுக்கு மேல வரக் கூடாதுன்னாங்க. நின்னேன்.

— ஓரின்...

— ஒண்ணும் சொல்லலை நான். என்ன சொல்றதுன்னு தெரியலை. திரும்பி வருவான்னு நினைச்சேன்.

— தம்பி, இதை அப்புறம் பேசிக்கலாம்டா. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பேண்டு நிக்கப் போகுது, அந்தப் பையனுக்கு மூச்சு போச்சு. எனக்காக இல்ல, ஊருக்காக. தள்ளு!

— மாட்டேன்.

— டேய், மெதுவா! பேண்டு நின்னுடுச்சு!

— தள்ள மாட்டேன்.

— ஓரின், சத்தமா பேசுற. கடைசி வரிசை வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டும். போகாத, மேவிஸ்.

— ஹெட்டி! அவ பேரு ஹெட்டிடா!

— ஹெட்டி எங்க வேணும்னாலும் போகட்டும். மேவிஸ், நீ போகாத. அந்தச் செர்ரி பை நல்லாவே இல்ல. இன்னும் மூணு துண்டு வேணும். அன்னைக்கு வாசல்ல வண்டியை அணைக்காம உக்காந்திருந்தது இதைச் சொல்றதுக்குத்தான்.

— இன்னொரு தடவை சொல்லு.

— போகாத.

— முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. ஒரு வார்த்தை கூடக் கூடாதுன்னா இவன் முழுச் சாப்பாடே போட்டுட்டான். கோட்டுக்காரர் எந்திரிச்சுட்டார். நோட்டைக் கீழ போட்டுட்டார். பையில இருந்து என்னவோ எடுக்கறார்... கைக்குட்டை. மூக்கைச் சிந்தறார்! ஏய், மூக்கைச் சிந்தறார்டா!

— அங்க பாருங்க, புத்தகக் கட்சி எந்திரிச்சு நின்னு கத்துது!

— சினிமாக் கட்சி தண்ணி பாட்டிலைத் திறந்து எல்லார் தலையிலயும் ஊத்துது! மழையாம்! பைத்தியக்காரப் பசங்க! ரெண்டு கட்சியும் கட்டிப் பிடிச்சுக்குது! ஆனா அந்த டிராக்டரை நான் சும்மா விட மாட்டேன். நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடறேன். கொக்கியை என் கையால மாட்டினேன், ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் கழண்டதில்லை!

— டிராக்டரைத் திட்டாதீங்க, ஹார்லன். கொக்கியில நீங்க மாட்டின ஆணி என் கைப்பையில இருக்கு.