அம்புக்குறித் துண்டு

வவுனியாவுக்குப் போகிற ஆமிச் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கச்சியும் நின்றார்கள். பள்ளிக்கூடம் பார்க்காமலே துணுக்காயில் மூன்று உழவு மெசின் வாங்கினவன் நான், எங்கே நின்றாலும் காதைத் திறந்துதான் நிற்பேன்.

"அதென்னடி கையிலை துண்டுக் கடதாசி? முழுக்க அம்புக்குறி."

"ரீவி கேமுக்கு அக்கா. தொடங்கேக்கை இந்த ஒழுங்கிலை பட்டனை அமத்தினால் மூண்டு உயிருக்குப் பதிலா முப்பது உயிர் தரும். கனடாவிலை இருந்து சித்தியின்ரை மகள் எழுதினவள்."

"ஆமிக்காரன் பாத்தால் பாதைப் படம் எண்டுதான் நினைப்பான். ரெண்டு பேரையும் மறிச்சு வைப்பான். கிழி!"

"கிழிக்கமாட்டன். போனமுறை வவுனியாவிலை மாமா வீட்டிலை மச்சான் என்னை வெண்டுபோட்டு, 'கறண்ட் இல்லாத ஊராளுக்கு இது சரிவராது' எண்டு சிரிச்சவன்."

"அதுக்குக் கள்ள விளையாட்டு விளையாடி, அளாப்பி வெல்லப்போறியோ?"

"அவன் ஒவ்வொரு நாளும் விளையாடுறான். எனக்கு வருசத்திலை ஒருக்காத்தான் கிடைக்குது. அளாப்புவன்தான்!"

அக்கா துண்டைப் பறித்துச் சுக்குநூறாய்க் கிழித்தாள். தங்கச்சி அழவில்லை. கைப்பையின் மேல் இரண்டு பெருவிரலாலும் மளமளவென்று அமத்திக் காட்டினாள்.

"ஒரு மாதமா அந்த ஒழுங்கைச் சோப்புப் பெட்டியிலை அமத்திப் பழகினனான். ஆமிக்காரனை இந்த விரலையும் சோதிக்கச் சொல்லு அக்கா."