செங்கோடனின் கால்கள்

நெறைய பேசிட்டாங்க எனக்கு முன்னாடி. கருணை, சேவை, தெய்வத்துக்குச் சமம்... கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், எனக்கும் அலுத்துப் போச்சு. நாளைக்கு வார்டுக்குள்ள போகப் போற பிள்ளைங்க நீங்க. உங்களுக்கு ஒரே ஒரு சின்னக் கதை சொல்றேன். சொல்லிட்டு உக்காந்துடறேன். முழங்கால் வலி வேற.

தமயந்தின்னு ஒரு டாக்டரம்மா. சேலம் பக்கம் ஒரு சின்ன கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. என்கூட வேலை பாத்தவங்க. வந்த புதுசுல எப்படி இருந்தாங்க தெரியுமா? "சாப்பிட்டியா பாட்டி?"ன்னு கேட்டுட்டுத்தான் நாடியே பிடிப்பாங்க. ஒரு பேஷண்ட் இறந்துட்டா அன்னைக்கு டிபன் பாக்ஸ் திறக்காம வீட்டுக்குப் போகும். நாங்கள்லாம் கேலி பண்ணுவோம்.

அப்புறம்...? அப்புறம் என்ன. வரிசை. காலைல கதவு திறந்தா கேட்டு வரைக்கும் வரிசை. இருமல், சளி, சர்க்கரை, வயித்து வலி, நாய்க்கடி. ஒருத்தர் எழுந்தா அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள ஸ்டூல்ல அடுத்த ஆள். கருணை ஒரு நாள்ல போறதில்லைங்க. செருப்பு தேயற மாதிரி. தேயறது தெரியவே தெரியாது.

கடைசில எப்படி ஆயிட்டாங்கன்னா... தலையைத் தூக்கறதே இல்ல. "உக்காரு. என்ன பண்ணுது?" எழுது. "அடுத்து." "உக்காரு. என்ன பண்ணுது?" எழுது. "அடுத்து."

சிரிக்காதீங்க. பாருங்க, நாளைக்கு நீங்களும் இதைத்தான் பண்ணுவீங்க.

ஒரு நாள் ஒரு ஆளு வந்தாரு. செங்கோடன்னு பேரு, தறி ஓட்டுறவரு. "காலு வீங்குதுங்கம்மா. படுத்தா மூச்சு முட்டுதுங்க. உக்காந்துகிட்டேதான் தூக்கம்." அம்மா எழுதினாங்க. வீக்கம் வத்தறதுக்கு மாத்திரை. "உப்பைக் குறை. அடுத்து."

மறுபடி வந்தாரு. "இன்னும் வீக்கம் வத்தலைங்கம்மா." மாத்திரையைக் கூட்டினாங்க. "அடுத்து."

மறுபடியும் வந்தாரு. "மூச்சு ரொம்ப வாங்குதுங்கம்மா..."

அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. களைச்சுப் போனவங்களுக்கு மொதல்ல வர்றது அதுதானே? பேனாவைப் படார்னு வச்சாங்க. "ஏய்யா, உப்பைக் குறைன்னா குறைச்சியா? கருவாடு தின்னுட்டு, ஊறுகா தின்னுட்டு, என் உசுர வாங்க வந்துடுவீங்க! வேட்டியைத் தூக்கு. காலைக் காட்டு!"

அவரு முழிக்கிறாரு. "எங்... எங்காலுங்களாம்மா?"

"பின்ன என் காலா? தூக்குய்யா!"

தூக்கினாரு பாவம். வரிசையே எட்டிப் பாத்துச்சு. ரெண்டு காலும் வெறகுக் குச்சி. வீக்கமாவது ஒண்ணாவது! வரிசைல நின்னவங்க கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க.

அம்மா சிரிக்கல.

"யாருக்குய்யா கால் வீங்குது?"

"என்ற ஊட்டுக்காரிக்குங்க. பாவாயிக்கு."

"அப்ப நீ ஏன் வந்து உக்காந்தே?"

"மொத நாளே சொன்னனுங்களேம்மா. ஊட்டுக்காரி வெளிய மரத்தடில உக்காந்திருக்குது, வரிசைல நிக்க முடியலைன்னு சொன்னனுங்க. நீங்க, உக்காரு என்ன பண்ணுதுன்னீங்க. உக்காந்துட்டனுங்க. மாத்திரை எழுதிக் குடுத்தீங்களா... சரி, இங்க இப்படித்தான் பாப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுகிட்டனுங்க."

"இப்ப எங்கய்யா அவ?"

"அங்கதானுங்க இருக்குது. மரத்தடில. ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுத்தான் வர்றனுங்க."

கேட்டீங்களா...? ஒவ்வொரு தடவையும். ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ள. ஜன்னல்ல எட்டிப் பாத்தா தெரியற தூரத்துல.

தமயந்தி எழுந்து ஓடினாங்க. பாவாயி வேரு மேல சாஞ்சு உக்காந்திருக்கு. உதடு நீலம் பூத்துப் போச்சு. அம்மா மண்ணுல உக்காந்து அந்தக் காலைக் கட்டைவிரலால அமுக்கினா... பள்ளம் அப்படியே நிக்குது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சுல வச்ச உடனே புரிஞ்சு போச்சு. இதயம். ஸ்டூல்ல உக்கார வச்சு ஒரு தடவை காதை வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

"ஏம்மா, நீயாவது உள்ள வந்திருக்கலாமில்ல?"ன்னு கேட்டாங்க.

பாவாயி மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லுது... "நீங்கதானுங்களா அந்த டாக்டரம்மா? இவரு சொல்லுவாருங்க... பாவம் அந்தப் புள்ள... காத்தால இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, மூஞ்சியே வாடிக் கெடக்குது... நாமளும் போயி அதைத் தொந்தரவு பண்ண வேண்டாம், பேச்சைக் கொறச்சுக்கோணும்னு..."

தமயந்தி அழுதுட்டாங்க. அந்த மண்ணுலயே உக்காந்து, அத்தனை பேருக்கு முன்னாடி.

ஆம்புலன்ஸ் வந்துச்சு, பெரிய ஆஸ்பத்திரில சேத்தாங்க, ஆபரேஷன் பண்ணாங்க. பாவாயி பொழைச்சுகிட்டாங்க. ஆனா புருஷனோட சேந்து ஓட்டின தறில பழையபடி நிக்க முடியல. முன்னாடியே வந்திருந்தா இந்த அளவுக்குக் கெட்டிருக்காதுன்னு அங்க சொல்லிட்டாங்களாம். இதைத் தமயந்தியே என்கிட்ட சொன்னாங்க.

இப்ப உங்களைக் கேக்கறேன். தமயந்தி கெட்டவங்களா? இல்லீங்க. களைச்சுப் போனவங்க. நீங்களும் களைச்சுப் போவீங்க. யாராவது மைக் பிடிச்சு, களைக்காம உழைங்கன்னு சொன்னா நம்பாதீங்க. வர்ற எல்லாருக்காகவும் அழுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். முடியாது. கண்ணுல அவ்வளவு தண்ணி கிடையாது. எரிச்சல் வரும், கத்துவீங்க, அப்புறம் வீட்டுக்குப் போய் வருத்தப்படுவீங்க. பரவாயில்ல.

நான் கேக்கறது ரொம்பக் கொஞ்சம். தலையைத் தூக்குங்க. எதிர்ல உக்காந்திருக்கிறது யாரு, நோயி யாருக்கு... பாருங்க. அது போதும். ஏன்னா உங்களுக்குப் பாக்க நேரமில்லாட்டியும் அவங்க உங்களைப் பாத்துகிட்டுத்தான் உக்காந்திருக்காங்க. செங்கோடன் பாத்தாரு. பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுற நேரத்துலயும், இந்தப் புள்ள தண்ணி குடிக்கலையேன்னு பாத்தாரு. அந்த ரூம்ல கருணை இருந்துச்சுங்க... மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.

அவ்வளவுதான். நான் உக்காந்துக்கறேன்.