அப்பாவின் மூவாயிரம் அடி

— நேத்து மட்டும் மூவாயிரத்து நூறு அடி, ஐயா. பக்கவாதம் வந்து அஞ்சு மாசத்துல இவ்வளவு நடந்த ஆளை இந்த பிசியோதெரபி சென்டர்ல நான் பார்த்ததே இல்ல.

— பாத்திருக்க மாட்ட, ரீனாம்மா. எங்க குடும்பத்துல படுத்துக் கெடந்தவன் ஒருத்தன் கெடையாது. ஏளா வடிவு, கேட்டியா?

— கேட்டேங்க.

— மவன் பாலகணேஷ் சிங்கப்பூர்லருந்து இந்த ஷூவ அனுப்பும்போதே சொன்னான். 'அடியில சென்சார் இருக்குப்பா, நீங்க வைக்கிற ஒவ்வொரு அடியும் என் போனுக்கும் வரும், பயிற்சி சென்டருக்கும் வரும்'னு. வரட்டும்லேன்னேன். இப்ப தெனமும் குடும்ப குரூப்புல போடுதான். சாத்தான்குளத்து மதினி வரைக்கும் கைதட்டுற படம் அனுப்புதா.

— சரி, இந்தக் கம்பியைப் பிடிச்சு நாலு அடி நடந்து காட்டுங்க.

— இப்பவா? காலையில நடந்த அசதி இன்னும் போகல.

— ஒரே ஒரு அடி.

— அதான் மெசின்லயே இருக்கே. பெறவு என்ன சோதனை?

— ஐயா, உங்க எடை எவ்வளவு?

— எண்பத்திரண்டு.

— ஷூ மேல விழுந்த எடை ஐம்பத்து மூணு. முப்பத்தஞ்சு வருசம் துறைமுகத்துல கிளியரிங் ஏஜெண்டா இருந்தேன்னு சொன்னீங்கள்ல? பெட்டி எடையும் பேப்பர்ல உள்ள எடையும் ஒத்துவரலன்னா என்ன செய்வீங்க?

— பெட்டியத் தொறந்து பாப்போம்.

— தொறக்கட்டுமா?

— ஏங்க, சொல்லிருவமே.

— நீ வாய மூடுளா!

— நாந்தான் பிள்ளே போட்டு நடந்தேன். ஷூ பெருசுன்னு முன்னால துணிய அடைச்சிக்கிட்டு, விடியக்காலம் மொட்டமாடியில. ஒரு மாசமா.

— அம்மா! ஐயா, இந்த எண்ணிக்கையை நம்பித்தானே உங்களுக்கு அடுத்த பயிற்சியை எழுதினேன்? கம்பியை விட்டு நடக்கச் சொல்லி, நீங்க விழுந்திருந்தா?

— என்னைய என்ன செய்யச் சொல்லுத? மொத வாரம் பூரா போன்ல சைபர், சைபர், சைபர். எந்தம்பி குரூப்புல எழுதுதான், 'அண்ணன் இனும எந்திரிச்ச மாதிரிதான், கோயில் கொடைத் திருவிழாவுல முதல் மரியாதைய நானே வாங்கிக்கிடுதேன்'னு. மகாராஜான்னு பேர வச்சிக்கிட்டு, அதப் படிச்சிட்டுச் சோறு திங்கவா?

— அதுக்காக அம்மாவை நடக்க விடுவீங்களா?

— சும்மா நடக்க விடல. எனக்கு வாதம் வலது பக்கம். அதனால வலது கால இழுத்து நடன்னு சொல்லிக் குடுத்தேன். மெசினுக்குச் சந்தேகம் வரப்படாதுல்லா.

— வலது காலா?

— வலதுதான்.

— இருங்க. வியாழக்கிழமை வரைக்கும் வலது கால்தான் இழுக்குது. வெள்ளிக்கிழமையில இருந்து இடது கால். இன்னைக்கு ரொம்ப அதிகமா.

— கூறுகெட்டவளே! வலது எது, இடது எதுன்னு தெரியாதா ஒனக்கு? இப்படி மாட்டிவுட்டுட்டியே.

— இல்லங்க. முட்டி வலிக்குன்னு வெள்ளிக்கிழமையில இருந்து நான் இழுக்கவே இல்ல. நீங்க வைவியன்னு சொல்லல.

— ரெண்டு காலையும் நேராவா வச்சீங்க?

— ஆமா பிள்ளே. நல்லாத்தான் நடந்தேன்.

— நல்லா நடந்தாளாம்! நேத்து காப்பித் தம்ளரக் கீழ போட்டா. இன்னைக்கு ஆட்டோவுல ஏறும்போது ஒத்தச் செருப்பு ரோட்டுல கெடக்கு, இவ பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டா. ஒரு கவனம் கெடையாது.

— எந்தக் கால் செருப்பு?

— இடது கால்.

— தம்ளர் எந்தக் கையில இருந்து விழுந்துச்சு?

— அதுவும் இடதுதான். ஏன் பிள்ளே, இப்படிப் பாக்க?

— அம்மா, என்னைப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க.

— இவுக இந்த ஏச்சு ஏசுதாக, எங்கருந்து சிரிக்க?

— சிரிங்கம்மா, ஒரு தடவை. பல்லு தெரிய... ரிசப்ஷன்ல யாரு, இனிகோ! நூத்தியெட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடு! ஸ்ட்ரோக், வாய் ஒரு பக்கம் கோணுதுன்னு சொல்லு, உடனே வரணும்!

— யாருக்கு? எனக்குத்தான் வந்து அஞ்சு மாசம் ஆச்சே!

— அம்மா, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. அப்படியே வச்சிருங்க.

— ஏளா, அவுக சொல்லுதாகள்லா, ரெண்டு கையையும். இடது கை மடியிலயே கெடக்கு பாரு. தூக்குளா... வடிவு, தூக்கும்மா.

— ரெண்டையும் தூக்கிட்டுத்தானங்க இருக்கேன்.