கூட ஒருவர் இருந்தால்

“உங்ககிட்ட பயிற்சி எடுத்தவங்கல்லாம் இப்ப எங்க மேடம் இருக்காங்க?” என்று சுருட்டை என்னை ஒருமுறை கேட்டாள். சுருட்டை முடி, அதனால் அந்தப் பெயர். அப்போது அவள் முதல் வருட மாணவி. என் மேசைமேல் இருந்த பேனாக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள். “நல்லா இருக்காங்கம்மா” என்றேன். அவள் அதோடு விட்டுவிட்டாள். நீங்கள் விடவில்லை, கல்லூரி முதல்வர் ஐயா. விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் ஒரு பக்கத்துக்குள். ஒரு பக்கம் போதாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அறை உங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடி, ஆய்வகச் சாமான்கள் போட்டுவைக்கிற அறைக்குப் பக்கத்தில். கதவில் ‘வேலை வழிகாட்டி’ என்று பலகை. மேசையின் ஒரு காலுக்கு மட்டும் மடித்த அட்டை. பதினான்கு வருடமாக அந்த மேசைதான். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கிற பெயர் கைகாட்டி. என் காதில் விழாது என்று நினைப்பு. கைகாட்டி எல்லாருக்கும் வழி காட்டும், தான் மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கும் என்று ஒருத்தி படிக்கட்டில் விளக்கம் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

நான் நல்ல வழிகாட்டி. இதை நீங்களே மறுக்க மாட்டீர்கள். பேட்டிக்குப் போகிற பிள்ளை எப்படி உட்கார வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று எப்படிக் கூசாமல் சொல்ல வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் பாதிப் பேர் அப்பாவில்தான் தொடங்குவார்கள்.

“எங்க அப்பா பேரு...”

“வேலைக்கு வரப்போறது அவரா, நீயா?”

“நான்தான் மேடம்.”

“அப்ப அவரை வீட்டுல இருக்கச் சொல்லு. நீ உள்ள வா.”

சுருட்டை மட்டும் இதற்குப் பதில் வைத்திருந்தாள். “அவரு வீட்டுல தங்கறதே இல்ல மேடம். நீங்க சொன்னாலாவது இருப்பாரான்னு பாக்கறேன்” என்றாள். அறையே சிரித்தது. அவள் அம்மா தையல்காரி. வீட்டில் இரண்டே பேர். அந்த வாயைப் பார்த்துத்தான் எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது.

முதல் ஐந்து வருடம் எல்லாரையும் நல்ல இடங்களுக்கு அனுப்பிவைத்தேன். போகும்போது அழுவார்கள். மறக்கவே மாட்டோம் என்பார்கள். பிறகு ஒரு போன்கூட வராது. குறையாகச் சொல்லவில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து திக்குவாயைச் சரிசெய்துகொண்டு போனவள். “மணி என்ன ஆகுது ஆன்ட்டி?” என்று திக்காமல் கேட்டாள். சொன்னேன். அவள் பேருந்து வந்தது, போய்விட்டாள்.

வீட்டில் என்னோடு இருப்பவள் என் அக்கா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, “என் நோயாளிங்களும் அப்படித்தான்டி. குணமானவன் எவன் திரும்பி வந்தான்? குணமாகாதவன்தான் வருவான்” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவளை இதில் இழுக்க வேண்டாம்.

நிறுவனங்கள் எனக்கு ஒரு படிவம் அனுப்பும். மாணவர் பார்க்கக் கூடாதது. நான் நிரப்பி, உறையை ஒட்டி அனுப்ப வேண்டும். ஒன்பது கேள்விகளுக்குக் கட்டத்தில் குறி போட்டால் போதும். பத்தாவது கேள்வி, ‘இவரைத் தனியே நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாமா?’ அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள்.

ஆறாவது வருடம் நெட்டை என்று ஒரு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன், கூச்சம் அதிகம். அவன் போய்ச் சேரும் இடத்தில் யாராவது கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்து, ‘தாராளமாக ஒப்படைக்கலாம். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நன்றாகச் செய்வார்’ என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. யாரைப் பற்றி வேண்டுமானாலும் அதை எழுதலாம். உங்களைப் பற்றியும் எழுதலாம் ஐயா.

அவனை எடுக்கவில்லை. காரணம் கேட்டு நானே போன் செய்தேன். ஆள் எடுக்கிற அதிகாரி சிரித்தார். “மார்க்கெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு மேடம். உங்க கடைசி வரியைத்தான் நாங்க பாப்போம். கூட ஆள் வேணும்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் வேலைக்கு ரெண்டு பேரை வெச்சுக்க முடியுமா?”

நான் அப்படிச் சொல்லவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நெட்டை கதவருகே வந்து நின்றான். போனை வைத்துவிட்டேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். “நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல மேடம்” என்றான். மறுநாளும் வந்தான். அடுத்த வாரமும் வந்தான். அடுத்த நிறுவனத்தின் படிவம் வந்தபோது அதே வரியை எழுதினேன்.

எல்லாருக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கல்லூரிக்குக் கெட்ட பெயர். சுமாரான பிள்ளைகளையும், சொன்ன பேச்சுக் கேட்காதவர்களையும் வானளாவப் புகழ்ந்து அனுப்பிவிட்டேன். மனதுக்கு நெருக்கமானவர்களுக்கு மட்டும், வருடத்துக்கு மூன்று பேர், சில வருடம் நான்கு பேர். சனிக்கிழமையானால் அவர்களில் ஏழெட்டுப் பேராவது என் அறைக்கு வருவார்கள். படிப்பை முடித்தவர்கள் இத்தனை வருடம் கழித்தும் தேடி வருவது எங்கள் கல்லூரியில்தான் என்று ஆண்டறிக்கையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன்.

இடையில் நெட்டை வருவதை நிறுத்திவிட்டான். அவன் அம்மா போன் செய்தார். “நாலு நாளா கதவையே திறக்கலம்மா. தட்டு வெளியவே கிடக்குது. நீங்க வந்து ஒரு குரல் கொடுத்தா கேப்பான்.” போனேன். இரண்டு தட்டுத் தட்டி, “நான்தான்பா” என்றேன். தாழ்ப்பாள் விலகியது. அந்த அம்மா என் காலில் விழப் போனார், தடுத்துவிட்டேன். என் வேலையில் மனம் நிறைந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். இப்போது அவன் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிறான். அங்கே கூட ஒருவர் இருக்கிறாராம்.

சுருட்டைக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க ஆசை. படிப்பை முடித்த மூன்று வருடத்தில் ஆறு இடங்களுக்குப் போனாள். ஆறு இடத்திலிருந்தும் ஒற்றை வரியில் பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வருவாள்.

“எங்க மேடம் தப்புப் பண்றேன்? சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

“குரல்ல இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வேணும்மா.”

வீட்டுக்குப் போய்க் குரலைப் பதிவு செய்து கேட்டுக்கேட்டுப் பழகினாள். பழகப் பழகக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்பாவை வைத்துக் கேலி பேசின வாய், சாவி எங்கே என்று கேட்பதற்கு முன்னால்கூட ஒருமுறை தொண்டையைச் செருமியது. என்னைப் பார்க்க வருகிற நாட்களில், பேருந்தில் தனியாக ஏறப் பயந்து, காலையில் அம்மா கொண்டுவந்து விட, சாயங்காலம் என்னோடு கிளம்புவாள். நான் எழுதிய வரி கடைசியில் உண்மையாகிவிட்டது. வெறும் வயிற்றோடு வீட்டில் கிடக்க வேண்டாமே என்று என் அறையிலேயே உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தேன். உத்தரவில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான்.

ஏழாவதும் பரிசோதனைக்கூடம்தான். “இதுதான் மேடம் கடைசி. அடுத்த மாசம் எனக்கு இருபத்தஞ்சு முடியுது, அப்புறம் எங்கயும் எடுக்க மாட்டாங்க” என்றாள். இந்தமுறை ஒழுங்காக எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ‘தாராளமாக ஒப்படைக்கலாம்’ என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன். இரண்டாவது வரி காலியாக இருந்தது. நிமிர்ந்தால் எதிர் நாற்காலி. அவள் போய்விட்டால் அதில் வேறு யாரையாவது உட்காரவைத்து, முதலிலிருந்து, அப்பா பெயரிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குக் களைப்பாக இருந்தது ஐயா. எழுதிவிட்டேன்.

“முடிச்சிட்டீங்களா மேடம்? குடுங்க, நானே தபால்ல சேத்துட்டு வரேன்” என்று உறையை வாங்கிக்கொண்டு போனாள். தெருமுனைத் தபால்பெட்டிவரை அவளாகத் தனியாகப் போனாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

பதில் வந்தது, அதே ஒற்றை வரி. பிறந்தநாளும் வந்து போனது. அதற்கு அடுத்த வாரம், பீரோவில் இருக்கிற பழைய காகிதங்களை வருடவாரியாக அடுக்கிவைக்கச் சொல்லி அவளிடம் சாவியைக் கொடுத்தேன். படிவங்களின் நகல்கள் அதில்தான் இருந்தன. அது எனக்கு மறந்துவிட்டது என்று எழுதத்தான் இந்த இடத்தில் வந்து நின்றேன். எழுத வரவில்லை.

உங்கள் கூட்டத்தை முடித்துக்கொண்டு நான் திரும்பியபோது அவளுடைய ஏழு படிவங்களின் நகல்களும் என் மேசைமேல் இருந்தன. ஓரம் பிசகாமல், என் நாற்காலியைப் பார்த்து வரிசையாக. அவற்றை அவள் எடுத்த படங்கள்தான் இப்போது உங்கள் மேசையில் இருப்பவை. கையெழுத்து என்னுடையதா என்று நீங்கள் சோதிக்க வேண்டாம். என்னுடையதுதான். மற்றவர்களின் படிவங்களில் இருப்பதும் என்னுடையதுதான். பீரோவில் நீலக் கோப்பில் எல்லாம் இருக்கிறது. இருபத்தொன்பது பேர்.

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சாவியை மேசைமேல் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்க போற? இரு, நானும் வரேன்” என்றேன்.

வெளியே போனாள். சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், வண்டிகள் ஓய்ந்ததும் கடந்தாள், வந்து நின்ற பேருந்தில் ஏறினாள். தனியாகப் போய்ப் பழக்கமில்லாத பெண். கூட ஒருவர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.